ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரும் பழுது

மூன்றாவது வாரமாக லாரி பள்ளத்தில் விழுந்தது. இருபது டன் மரக்கட்டைகளைச் சுமந்துகொண்டு மலைப்பாதையில் நன்றாகத்தான் ஏறிக்கொண்டிருந்தது. கொண்டை ஊசி வளைவில் திரை ஒருமுறை விக்கியது. பிறகு அப்படியே உறைந்தது. மறுபடி உயிர் வந்தபோது முன்சக்கரங்கள் இரண்டும் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தன.

"போச்சா அக்கா?" என்றான் தம்பி ஹெட்போனுக்குள்.

"போச்சுடா."

"உன் மெஷினுக்கு வயசாயிருச்சு. நான் ஒரு புது கிராபிக்ஸ் கார்டு அனுப்பறேன்னா கேக்க மாட்டேங்கற."

அவள் லிஃப்ட் மெக்கானிக். பதினெட்டுக் கட்டடங்களின் லிஃப்டுகள் அவள் பொறுப்பில் ஏறி இறங்கின. தம்பி கடல் தாண்டி ஒரு மருத்துவமனையில் இரவு நர்ஸ். அவளுக்கு ஞாயிறு மதியம் மூன்று மணி என்றால் அவனுக்கு வேலை முடிந்து வீடு திரும்பிய காலை. போனில் பேசச் சொன்னால் அக்காவுக்கும் தம்பிக்கும் "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" என்பதோடு இரண்டு நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும். ஆளுக்கொரு லாரியைக் கொடுத்து, இல்லாத ஒரு மலையில் ஏறவிட்டால் இரண்டு மணி நேரம் வாய் ஓயாது. அவன் காதலித்ததும், அது முறிந்ததும், மறுபடி சேர்ந்ததும் எல்லாம் அவளுக்குத் தெரியவந்தது அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில்தான்.

அதனால் லாரி விழுந்தது வெறும் லாரி விழுந்ததல்ல.

"காரணம் தெரியாம பார்ட்ஸ் மாத்தறது, வயித்து வலிக்குச் செருப்பை மாத்தற மாதிரிடா" என்றாள். "ஒரு வாரம் பொறு."

சாப்பாட்டு மேசையில் அவள் கணவர் கணக்குத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். பள்ளி வாத்தியார். சிவப்பு மையை விட்டுக் கண்ணை எடுக்காமலே, "கம்ப்யூட்டருக்கும் ஞாயிறு லீவு வேணுமோ என்னமோ" என்றார்.

சும்மா சொன்னதுதான். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் வாரம் அவள் தூசியைச் சந்தேகப்பட்டிருந்தாள். பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, மின்விசிறிகளைப் பிரஷ்ஷால் துடைத்து, உள்ளே இருந்த பஞ்சுப் பொதியை ஒரு கிண்ணம் நிறைய எடுத்துப் போட்டாள். அடுத்த ஞாயிறும் அதே கதை. அப்புறம் இணையத்தைச் சந்தேகப்பட்டு மோடத்தை மாற்றி வைத்தாள். இதோ மறுபடி பள்ளம். அப்போதுதான் அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. வேலையிடத்தில் எந்த லிஃப்டையும் அவள் இப்படிக் குருட்டாம்போக்கில் தொட்டதில்லை. நின்றுபோன லிஃப்டின் முன்னால் போனதும் முதலில் வாட்ச்மேனிடம் கேட்பாள்: எப்போ நிக்குது, எப்போ நிக்கல, கடைசியா நல்லா ஓடினதுக்கப்புறம் என்ன மாறிச்சு. இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் ஸ்பேனரை எடுக்கும் முன்பே பாதிப் பழுது பிடிபட்டுவிடும்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டாள். அதே மலை, அதே வளைவு, அதே சுமை. திரையின் மூலையில் நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்று காட்டும் எண்ணைக் குறித்தாள். அறுபது. செவ்வாய் அறுபது. புதனும் வியாழனும் அறுபது. சனிக்கிழமை வரை லாரி தேர் மாதிரி போய் வந்தது.

ஞாயிறு மூன்று மணி பத்து நிமிடத்துக்கு எண் ஒன்பதுக்கு விழுந்தது.

தம்பியிடம், "நீ கொஞ்சம் ஓரமா நிறுத்திட்டு இரு, நான் இணையத்தைப் பிடுங்கிட்டுத் தனியா ஓட்டிப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் தனியாக ஓட்டினாள். அப்போதும் ஒன்பது. ஆக இணையத்தின் மேல் குற்றமில்லை. கணினி என்ன வேலை செய்துகொண்டிருக்கிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்தாள். சூடு சரியாக இருந்தது. கிராபிக்ஸ் கார்டு கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றது. கணினியின் மூளையான பிராசசருக்கும் வேலையில்லை. எல்லாரும் யாருக்காகவோ காத்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

காத்திருந்தது பழைய ஹார்டு டிஸ்க்குக்காக. புது டிஸ்க் நிரம்பிவிட்டதென்று நான்கு மாதத்துக்கு முன்பு அவள்தான் விளையாட்டைத் தூக்கி அந்தப் பழைய டிஸ்க்கில் போட்டிருந்தாள். உள்ளே தட்டு சுழல, அதன்மேல் மயிரிழை உயரத்தில் ஒரு கை நகர்ந்து படிக்கும் ரகம். நூறு சதவீதம் வேலையில் இருப்பதாகப் பட்டியல் சொன்னது. அதற்குப் பக்கத்திலேயே, படித்துக் கொடுத்த அளவு பூஜ்யம் என்றும் சொன்னது.

அவளுக்குச் சுவாரசியம் தட்டியது. மோட்டார் சுற்றுகிறது, கூண்டு ஏறவில்லை. லிஃப்டில் அப்படி நடந்தால் கயிறு வழுக்குகிறது என்று அர்த்தம். இங்கே எது வழுக்குகிறது? டிஸ்க் சாகக் கிடக்கிறதா? அந்த வாரம் அதை முழுசாகச் சோதித்தாள். நான்கு மணி நேரம் ஓடிய சோதனை, ஒரு குறையும் இல்லை என்று முடிந்தது.

அடுத்த ஞாயிறு எண் விழுந்தவுடன் அவள் ஸ்டியரிங்கை விட்டாள். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தாள். அப்போதுதான் அது காதில் விழுந்தது. காதில் விழுந்தது என்பதைவிடப் பல்லில் விழுந்தது என்று சொல்லலாம். அடித்தொண்டையிலிருந்து வரும் 'ம்' போல, ஏறாமல் இறங்காமல், ஒரே நீளமாக. கணவரின் டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீர் மெல்லிய வளையங்களாக நடுங்கிக்கொண்டிருந்தது.

"இது என்னங்க சத்தம்?"

"இதுவா? நாலஞ்சு ஞாயிறா வருதே. பக்கத்து வீட்டுல என்னமோ பண்றாங்க."

"எனக்குச் சொல்லவே இல்லயே நீங்க."

"நீ கேக்கல."

"ஹெட்போன் மாட்டியிருந்தேன், எப்படிக் கேக்கும்?"

"அதத்தான் நானும் சொல்றேன். உனக்கும் கேக்கல, என்னையும் நீ கேக்கல" என்றார், தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சியபடி.

அவள் எழுந்து, கம்ப்யூட்டர் பெட்டி இருந்த சுவர்ப்பலகைமேல் உள்ளங்கையை வைத்தாள். பலகை அதிர்ந்துகொண்டிருந்தது. சத்தம் நின்றது. பலகையும் அடங்கியது. திரும்பித் திரையைப் பார்த்தாள்: அறுபது. சத்தம் தொடங்கியது: ஒன்பது. கணவர் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்தார். இரண்டு பேருமாகப் பெட்டியைத் தூக்கி, நாலாக மடித்த போர்வைமேல் தரையில் வைத்தார்கள். அந்தப் பக்கம் சத்தம் ஓடிக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் எண் அறுபதை விட்டு அசையவில்லை.

பலகை நடுங்கியதும் டிஸ்க்கின் கையும் நடுங்கியிருக்கிறது. படிக்க வேண்டிய இடத்தில் அதனால் நிற்க முடியவில்லை. ஓடும் பஸ்ஸில் ஊசியில் நூல் கோர்ப்பது போல, கோர்த்துக் கோர்த்துத் தோற்றிருக்கிறது.

"அப்பாடா, கண்டுபிடிச்சாச்சு. தம்பியோட ஓட்டு போ" என்றார் கணவர்.

அவள் உட்காரவில்லை. "பலகை மாட்டி ஒரு வருஷம் ஆச்சு. கேம் அந்த டிஸ்க்குக்குப் போய் நாலு மாசம் ஆச்சு. சத்தம் அஞ்சு வாரமாத்தான் வருது. அதுவும் ஒரே சுரத்துல இவ்வளவு நேரம். எதுக்கு?"

"அது அவங்க பாடு."

"தெரிஞ்சுக்கிட்டா என்ன, தேய்ஞ்சா போயிடுவோம்?"

தேய்வதற்கு அங்கே உறவு என்று ஒன்றும் மிச்சமில்லை என்பதுதான் உண்மை. ஒரு வருடம் முன்பு அந்தப் பலகையை மாட்டியபோது அவளே டிரில் போட்டிருந்தாள். லிஃப்ட் வேலைக்கான நீள போல்ட்டுகள். மூன்றும் சுவரைத் துளைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குள் விரல்நீளம் எட்டிப் பார்த்தன. பக்கத்து வீட்டு அம்மா அன்று பேசிய பேச்சுக்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் இடையே தலையசைப்பு மட்டும்தான் நடந்துவந்தது.

கதவைத் திறந்ததும் அந்த அம்மாவின் கண் முதலில் அவள் கையைப் பார்த்தது. டிரில் இல்லை என்று தெரிந்ததும்தான் முகம் கொஞ்சம் இளகியது.

"அக்கா, ஒரு சந்தேகம் கேக்கலாம்னு வந்தேன். அந்தச் சத்தம்..."

"நீயாவது கேளும்மா. நான் கேட்டா, வேலைன்னு சொல்லிடறாரு."

அந்த அம்மாவின் கணவர் ஸ்பீக்கர் பழுது பார்ப்பவர். மார்க்கெட் பக்கம் கடை வைத்திருந்தார். உள்ளறையில், பொதுச்சுவரை ஒட்டி இரும்பு மேசை ஒன்று போட்டு, அதன்மேல் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். மேசை ஆடாமல் இருக்க அதன் சட்டத்தை மூன்று போல்ட்டு முனைகளோடு கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார். அவளுடைய போல்ட்டுகள்தான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். இரண்டு வீட்டையும் இதைவிட நெருக்கமாகக் கட்டியிருக்க முடியாது.

"தொந்தரவா இருக்காம்மா?" என்றார் அவர். ஐம்பது ஐம்பத்திரண்டு வயது இருக்கும். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருமை.

"தொந்தரவு சரியாயிருச்சு அண்ணா. ஆனா ஏன் ஒரே இடத்துலயே நிக்கறீங்கன்னு தெரிஞ்சுக்கணும் போல இருந்துச்சு."

இப்படி ஒரு கேள்விக்காகவே காத்திருந்தவர் போல அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். "நீயும் மெக்கானிக்தானே, உனக்குப் புரியும். அஞ்சாறு வாரமா ஒரு விசித்திரமான பழுது. கடைக்கு எந்த ஸ்பீக்கர் வந்தாலும் கீழ்சுரத்துல தூங்கிருது. ஒண்ணு ரெண்டுன்னா சரி. வர்றதெல்லாம் அப்படியே. ஆம்ப்ளிஃபயர மாத்தினேன், ஒயர மாத்தினேன், இந்தா, இந்த டெஸ்டர் கூடப் புதுசு. கடைத்தெரு இரைச்சல்ல சரியாத் தெரியலன்னு மேசைய இங்கயே கொண்டுவந்துட்டேன். ஞாயித்துக்கிழமைதான் ஒழியுது. பாரு."

ஒரு குமிழைத் திருப்பினார். கீழிருந்து சத்தம் மெல்ல மேலேறி வந்தது. நொடிக்கு எண்பது அதிர்வு, தொண்ணூறு, நூறு. குமிழின் முள் நூற்றுப் பதினெட்டுக்கு வந்தபோது அறை முழுவதும் இரைந்தது. ஜன்னல் கண்ணாடி கடகடத்தது. அந்த அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

அவர் சத்தத்தை இன்னும் கூட்டினார். பிறகு பெட்டியைச் சுட்டிக்காட்டி, "பாத்தியா? பெட்டி நல்லா முழங்க வேண்டிய இடமே இதுதான். ஒண்ணுமே இல்ல" என்றார்.

லிஃப்ட் மெக்கானிக்கும் அந்த அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐந்து வாரமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருத்தி, ஒரே பழுதைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பழுது ஸ்பீக்கரிலும் இல்லை, கம்ப்யூட்டரிலும் இல்லை.

பழுதைக் கண்டுபிடிக்கும்போது அவளுக்குள் வழக்கமாக ஒரு சின்னக் குதூகலம் எழும். இன்றைக்கு எழவில்லை.

"அண்ணா, கைய அந்தப் பெட்டி மேல வைங்களேன்."

வைத்தார். பெட்டி அவர் உள்ளங்கைக்குக் கீழே உறுமிக்கொண்டிருந்தது. கையை எடுத்தார், மறுபடி வைத்தார். மனைவி காதைப் பொத்தியிருப்பதைப் பார்த்தார். அவ்வளவுதான், அவரும் மெக்கானிக் இல்லையா, யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குமிழை எட்டி அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நீங்க வேணும்னுதான் சத்தமா வைக்கறீங்கன்னு நெனச்சுட்டேனே" என்றார் மனைவி, தாழ்ந்த குரலில்.

"இடது காது சின்ன வயசுலயே போயிருச்சு" என்றார் அவர் இருவரில் யாரையும் பார்க்காமல். "வலது காதுலதான் பொழப்பே ஓடுது."

அவள், "முழுசாத் தெரிஞ்சுக்கலாம் அண்ணா. பாதி தெரிஞ்சு வச்சிருக்கறதுதான் பயம்" என்று சொல்லி, தன் வீட்டுக்குப் போய் நோட்டை எடுத்து வந்தாள். அவரைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொல்லி, ஸ்டூலைப் பெட்டியிலிருந்து தள்ளிப் போட்டாள். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். அவள் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள். நூற்று எழுபதுக்கு மேல் எங்கே வைத்தாலும் கை உடனே எழுந்தது. ஊசி விழுவது போன்ற மேல்சுரங்களுக்குக்கூட எழுந்தது. அதற்குக் கீழே கை மடியிலேயே கிடந்தது. எல்லாவற்றையும் கட்டம் போட்டுக் குறித்தாள். நோட்டில் லாரியின் அறுபதுக்கும் ஒன்பதுக்கும் அடுத்த பக்கத்தில் ஒரு மனிதரின் காது வந்து உட்கார்ந்தது.

வீட்டுக்கு வந்தபோது தம்பி இன்னும் இணைப்பில்தான் இருந்தான். மலையோரம் லாரியை நிறுத்திவிட்டுத் தூங்கியே விட்டிருந்தான். எழுப்பி விஷயத்தைச் சொன்னாள். தூக்கக் குரல் சட்டென்று நர்ஸ் குரலானது.

"காது அடைச்ச மாதிரி இருக்கான்னு கேட்டியா? தலை சுத்தல்? உள்ள இரைச்சல்?"

அவள் ஓடிப்போய்க் கேட்டு வந்தாள். "அடைச்சிருக்காம். சளின்னு நெனச்சுட்டாராம். ஒரு தடவை கடையில தலை சுத்தி உக்காந்துட்டாராம், சாப்பிடலைன்னு நெனச்சுக்கிட்டாராம்."

"அக்கா, நாளைக்கே காது டாக்டர்கிட்டப் போகச் சொல்லு. இதுல நாள் கடத்தக் கூடாது. சிலது மருந்துல திரும்பும். விட்டுட்டா திரும்பாது."

"கார்டு அனுப்பறியா இன்னும்?"

"அத விடு. நீ முதல்ல போய்ச் சொல்லு."

மறுபடி பக்கத்து வீடு. ஸ்பீக்கர்காரர் தயங்கினார். "வெளிய தெரிஞ்சா யாரும்மா என்கிட்டக் கொண்டுவருவான்? ஸ்பீக்கர்காரனுக்குக் காது போச்சுன்னா சமையல்காரனுக்கு நாக்கு போன மாதிரி."

அவர் மனைவி பீரோவைத் திறந்து கைப்பையை எடுத்து வைத்தார். "காலையில எட்டு மணிக்குக் கிளம்பறோம்" என்றார். அந்த வீட்டில் அதற்கு மேல் விவாதம் நடக்கவில்லை.

டாக்டர் பஞ்சுச்சுவர் வைத்த சின்ன அறையில் உட்காரவைத்துச் சோதித்துவிட்டு ஒரு கோட்டுப்படம் வரைந்தாராம். கைப்பையிலிருந்து மனைவி எடுத்து நீட்டிய நோட்டுத் தாளை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாராம். பள்ளம் இரண்டிலும் ஒரே இடத்தில். "இத யாரு எடுத்தது?" என்று கேட்டதற்கு, "எங்க பக்கத்து வீட்டு லிஃப்ட் மெக்கானிக்" என்று தான் சொன்னதை அந்த அம்மா வந்து விவரித்த தோரணையில், போல்ட் விஷயம் அன்றோடு மன்னிக்கப்பட்டுவிட்டது என்று பிறகு அவள் கணவர் விளக்கம் சொன்னார்.

உள்காதில் நீர் அழுத்தம் ஏறியிருக்கிறது. முதலில் கீழ்சுரங்களைத்தான் அது விழுங்கும். மாத்திரை, உப்பைக் குறைப்பது, வாரம் ஒருமுறை சோதனை. திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். திரும்பினாலும் அவ்வப்போது வந்து போகும். உறுதி சொல்ல டாக்டர் மறுத்துவிட்டார்.

அடுத்த ஒன்றரை மாதம் ஸ்பீக்கர்காரர் கடையை மூடவில்லை. மேசையைச் சுவரிலிருந்து அவிழ்த்து நடு அறைக்கு நகர்த்தி, கால்களுக்கு ரப்பர் வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணிக்கு அவள் போய் ஸ்டூலில் உட்காருவாள். அவர் குமிழைத் திருப்ப, கீழ்சுரங்களுக்கு மட்டும் அவள் காது கொடுப்பாள். "இங்க கரகரங்குது அண்ணா." "சுத்தமா இருக்கு." "இப்ப லேசா அடைக்குது." அவர் உள்ளங்கையைப் பெட்டிமேல் வைத்துக்கொண்டு அவள் சொல்வதோடு ஒத்துப் பார்ப்பார். சில நாள் கை சொன்னது அவள் காது சொன்னதைவிடச் சரியாக இருந்தது. மூன்று மணிக்குத் தம்பி காத்திருப்பான். விளையாட்டு இப்போது வேறு டிஸ்க்கில் இருந்தது. லாரி விழவில்லை. ஆனாலும் வளைவுகளில் அவன் தன் காதலைப் பற்றிப் பேசுவதற்கு முன் முதலில் கேட்டது, "இந்த வாரம் கோடு எப்படி இருக்கு?" என்றுதான். முதல் மூன்று வாரமும் கோடு பள்ளத்திலேயே கிடந்தது. நான்காவது வாரம் கொஞ்சம் ஏறியது. ஐந்தாவது வாரம் மறுபடி இறங்கியது. அன்று அவர் ஸ்பீக்கரைத் திறக்காமலே அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஒரு வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கதவு தட்டப்பட்டது. அவள் வேலைக்குக் கிளம்பும் நேரம். வெளியே ஸ்பீக்கர்காரர், கலைந்த தலையோடு நின்றார்.

"கொஞ்சம் வர்றியாம்மா? எங்க ஃபிரிட்ஜு கெட்டுப்போச்சு போல. ராத்திரி வரைக்கும் நல்லா இருந்துச்சு. இப்ப என்னமோ உறுமுது."

பையை வைத்துவிட்டு அவர் பின்னாலேயே போனாள். சமையலறையில் அவர் மனைவி கையில் பால் பாத்திரத்தோடு குழப்பமாக நின்றிருந்தார். ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பக்கவாட்டில் கையை வைத்துப் பார்த்தாள். காது வைத்துக் கேட்டாள். பின்னால் குனிந்து மோட்டாரைப் பார்த்தாள். ஊரில் உள்ள எல்லா ஃபிரிட்ஜும் இரைகிற மாதிரிதான் இதுவும் இரைந்தது, தாழ்ந்த, சமமான ஒரு 'ம்'.

"எப்பவும் போலத்தான் ஓடுதுங்கறேன், கேக்க மாட்டேங்கறாரு" என்றார் மனைவி.

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் இன்னும் ஃபிரிட்ஜையே குற்றவாளியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, இது பழுதில்ல" என்றாள். "இது உங்களுக்குக் கேக்குது."

அவர் உள்ளங்கையை ஃபிரிட்ஜின் மேல் வைத்தார். ஃபிரிட்ஜ் ஒருமுறை உலுக்கிக்கொண்டு தானாக அடங்கியது. அது மறுபடி ஓடத் தொடங்கும் வரை மூன்று பேரும் அந்தச் சமையலறையில் காத்து நின்றுகொண்டிருந்தார்கள்.